சேகர் தொட்டியில் இறங்குவதற்குள்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போனபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த நம் சேகருக்கு இப்போது இருபத்தோரு வயது. உன்னைவிட உயரம். கோபம் மட்டும் அச்சு அசல் உன்னுடையது.

எண்ணூரில் ஒரு பயிற்சி மையத்தில் நான் வேலை பார்க்கிறேன். கூரையில் சோலார் தகடு பொருத்தச் சொல்லித்தருகிறோம். பூமி சூடாவதைக் குறைக்கும் வேலைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டும் என்று ஓர் அறக்கட்டளையில் நிதி கொடுத்தார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் பையன்கள் சும்மா இருப்பார்களே என்று அப்போதே வகுப்பைத் தொடங்கினோம். சேகரும் சேர்ந்தான். முதல் தகட்டைப் பொருத்திவிட்டு, கூப்பிடக் கூப்பிட இறங்காமல் அதையே பார்த்தபடி மேலே நின்றான்.

தடை முடிந்ததும் காசிமேட்டில் ஒவ்வொரு மீன்பிடி போட்டுக்கும் ஆள் சேர்ப்பார்கள், உனக்குத் தெரியாததா. அப்போது ஏறாதவனின் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். "போட்டுக்கு இன்னாத்துக்குடா போற? இன்னும் நாலு மாசம், சர்டிபிகேட் வந்துரும், வேலை கீது" என்று தடுத்தவள் நான்தான். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினான்.

போன வாரம் கடிதம் வந்தது. நிதியை நிறுத்திவிட்டார்களாம். காரணம் எழுதவில்லை. பாதி வகுப்போடு மையத்தைப் பூட்டினோம். அவனுக்குச் சான்றிதழும் இல்லை, போட்டில் இடமும் இல்லை. அவர்களுக்குப் பூமியைப் பற்றிய கவலை அதற்குள் தீர்ந்துவிட்டதா, நைனா?

நேற்று சாப்பிடும்போது சேகர் சொன்னான்: "கெமிக்கல் கம்பெனில டேங்க்குள்ள எறங்கி கழுவ ஆள் கேக்கறாங்கோ. திங்கக்கெழம போறேன்."

"வோணாண்டா" என்றேன்.

"வூட்லயே குந்திகினு கீறதா? நீ சொல்லித்தானே போட்டையும் வுட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவன் தட்டில் குழம்பை ஊற்றினேன்.

நீ மாரடைப்பில் போனதாகத்தான் அவனுக்குத் தெரியும். தடைக்காலத்தில் வருமானமில்லாமல் அதே வேலைக்குப் போய், தொட்டிக்குள் வாயு தாக்கி நீ ஏறி வராதது தெரியாது. மாரடைப்பு என்று எழுதி, வேலைக்குக் கூட்டிப்போன காண்ட்ராக்டர் கொஞ்சம் பணத்தோடு நீட்டிய தாளில் அம்மா கையெழுத்துப் போட்டாள். பிள்ளை வெளியே உளறிவிடுவானோ என்று அவனிடமும் அதையே சொன்னோம். அப்புறம் உண்மையைச் சொல்ல எங்களுக்கு வாயே வரவில்லை. அதனால்தான் அவனுக்குத் துளியும் பயமில்லை.

மறுபடி நிதி கேட்டு மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் எப்போது வருமோ, வராமலே போகுமோ. அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

இன்று சாயங்காலம் அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அம்மா தடுத்தாலும். அவன் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் போகட்டும். அதற்குப் பிறகும் கிளம்பினால் கம்பெனி கேட்டில் குறுக்கே படுப்பேன்.

அன்றைக்குக் காலையில் சாப்பாட்டுத் தூக்கை உன் கையில் கொடுத்து அனுப்பியவள் நான். அவன் கையில் கொடுக்கமாட்டேன், நைனா.

உன் மூத்த பொண்ணு,
கலா