ஜூன் முப்பத்தொன்று, ஐந்து டிகிரி

ஜூலை 2, செவ்வாய்

குளிர் அறைக்குள் போக இன்று புதுக் கோட்டு கொடுத்தார்கள். கை அவ்வளவு நீளம், என் இரண்டு கையும் உள்ளேயே காணாமல் போய்விட்டன. முதலாளி பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் நன்றாக இருக்கிறது என்றேன்.

இன்னும் இருபது நாளில் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளர் வருகிறார். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தைராய்டு குறை இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைப் பெட்டிகளை அவர்கள் தயாரிக்கிறார்கள். இந்தச் சின்னக் கம்பெனி அவற்றை வரவழைத்து, குளிரில் வைத்திருந்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. இப்போதைக்கு நான்கு ஆஸ்பத்திரி. ஆய்வில் தேறினால் முப்பது. அப்புறம் பரிசோதனைக் கரைசலை இங்கேயே புட்டியில் அடைக்கும் வேலையும் வரும். அவர்களை இங்கே காலூன்ற வைப்பதும், இவர்களை அதற்குத் தயார் பண்ணுவதும் என் தொழில். என் அட்டையில் ‘உயிர் அறிவியல் தொழில் வளர்ச்சி ஆலோசகர்’ என்று போட்டிருக்கிறது. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “கல்யாணத் தரகர்னு போட்டிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்” என்றாள். தப்பில்லை.

அவர்கள் கடிதங்களில் எங்களை ‘வளரும் சந்தை’ என்று எழுதுகிறார்கள். வளர்ந்துகொண்டுதான் இருக்கிறோம். குளிர் அறைக் கதவு மட்டும் இரண்டாம் தடவை இழுத்தால்தான் மூடுகிறது.

ஸ்டோர் பொறுப்பு அத்தானிடம், அதாவது அக்கா வீட்டுக்காரரிடம். அவர் இருபது வருஷம் வேலை பார்த்த மருந்து மொத்தக் கடையை மூடியபோது நான்தான் இங்கே சொல்லிச் சேர்த்துவிட்டேன். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். சொல்லாததைச் செய்து நான் பார்த்ததில்லை. அவர் மகளுக்கு இது ஏழாம் மாதம். அந்த நான்கு ஆஸ்பத்திரிகளில் ஒன்றில்தான் பிரசவத்துக்குப் பதிந்திருக்கிறாள்.

ஜூலை 4

சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஆய்வாளர் சுவரைப் பார்க்க மாட்டார் என்றேன். “பாத்துட்டா?” என்றார் முதலாளி.

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து கோப்புகள். பதினோரு மணி வாக்கில் ஜூன் மாத வெப்பநிலைத் தாள் கைக்கு வந்தது. குளிர் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் தாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தால் சரி. இதில் எல்லாமே ஐந்து. மேலிருந்து கீழே ஐந்து, ஐந்து, ஐந்து. குளிர் அறைதான் எவ்வளவு ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தேன்.

ஜூன் 31. காலை ஐந்து. மாலை ஐந்து. கையெழுத்து.

விரல் முட்டியில் மாதங்களை எண்ணிப் பார்த்தேன் — இந்த வயதில். ஜூனுக்கு முப்பதுதான்.

அத்தானைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“முப்பத்தொரு வரிசை இருந்துச்சு” என்றார்.

“அதனால?”

“ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன.”

சொன்னேன். மார்ச் மாதப் பயிற்சியில், எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். ‘வர்றவங்க கண்ணு முதல்ல காலிக் கட்டத்துலதான் போய் நிக்கும், ஒண்ணுகூட விடாதீங்க’ என்று. அந்தத் தாளை அடித்துக் கொடுத்ததும் நான்தான். எல்லா மாதத்துக்கும் ஒரே தாள் போதுமே என்று முப்பத்தொரு வரிசை போட்டேன். மாதிரிக்காக முதல் கட்டத்தில் ஐந்து என்று எழுதிக் காட்டியதும் நானே.

“ஞாயித்துக்கிழமை லீவாச்சே அத்தான். அதுக்கும் அஞ்சு எழுதியிருக்கு?”

“காலியா விடக் கூடாதுன்னியே.”

கோபம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது சிரிப்பு. அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. அவர் பொய் எழுதியதாக நினைக்கவில்லை. நல்ல பிள்ளையாக வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

ஜூலை 9

தாளை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். உள்ளே சுவரில் ஒரு பதிவுக் கருவி இருக்கிறது; பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெப்பநிலையைத் தானே குறித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பார்கள். அதன் அலாரம் கதவைத் திறந்தாலே கத்துகிறது என்று யாரோ துணி சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார்கள். நேர்த்தியாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

இன்று மாட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் ஒழுங்கான கோடு. ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதிகாலையிலிருந்து ஏறுகிறது. மின்சாரம் போயிருக்கிறது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மதியம் பத்தொன்பது டிகிரி. மாலை இருபத்தாறு. இரவு மின்சாரம் வந்து, திங்கள் விடிவதற்குள் தானாகவே இறங்கிவிட்டதால் வேலைக்கு வந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தாளில் அந்த நாளுக்கும் ஐந்து, ஐந்து.

ஜூன் 18 அன்று அந்த அறையிலிருந்து நாற்பது பெட்டி நான்கு ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறது.

சூடுபட்ட பெட்டி என்ன செய்யும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். இல்லையென்றால், குறை இருக்கிற குழந்தையைப் பார்த்துக் குறையில்லை என்று சொல்லும். முதல் சில வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் குழந்தை எல்லாக் குழந்தையையும்போல் வளரும். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி பின்தங்கும், அப்புறம் என்ன கொடுத்தும் திரும்பாது. இதை எத்தனை கூட்டத்தில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன், பெட்டி விற்பதற்காக. இன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 10

வெளிநாட்டுக் கம்பெனிக்கு இதை எழுதிவிட வேண்டும் என்றதும் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, “ஆய்வு முடிஞ்சிரட்டும் மேடம். பன்னெண்டு நாள்தானே” என்றார்.

“அந்தக் குழந்தைங்களுக்கும் பன்னெண்டு நாள் ஓடிரும் சார்.”

“இங்க நாப்பது பேர் வேலை செய்யறாங்க.”

அதுவும் உண்மை. அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “உங்க அத்தான் பேரையும் எழுதணுமா?” என்று கேட்டார். அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

என்ன பண்ணப் போறேன்? எழுதாம விட்டா யாருக்குத் தெரியும் — தாள்ல எல்லாம் அஞ்சுதானே இருக்கு. ஜூன் 31ஐ மட்டும் அழிச்சா முடிஞ்சுது. ஒரு நிமிஷம் ரப்பரைத் தேடினேன், நிஜமாவே தேடினேன். பேனாவில் எழுதியது ரப்பரில் அழியாது என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். முதலில் எழுதியதில், ‘ஸ்டோர் பொறுப்பாளர் தெர்மாமீட்டரைப் பார்க்காமலே பதிவுகளை நிரப்பினார்’ என்று மட்டும் இருந்தது. உண்மைதான், பாதி. மூன்றாவதில், ‘காலிக் கட்டம் கூடாது என்று அவருக்குப் பயிற்சி கொடுத்தது நான்’ என்று சேர்த்தேன். படிக்க நன்றாக இல்லை. எடுக்கவில்லை.

ஜூலை 11

காலை 9.10க்குக் கடிதம் போய்விட்டது. முதலாளியும் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஒரு மணி நேரம் நான்கு ஆஸ்பத்திரிக்கும் போன்: அந்தப் பெட்டிகளைத் தொடாதீர்கள், ஜூன் 18க்குப் பிறகு பார்த்த குழந்தைகளைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

ஜூலை 14, ஞாயிறு

அத்தான் வெள்ளிக்கிழமையே வேலையை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. சாவிக் கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளே இருந்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

“நீ அவரை நாலு திட்டுத் திட்டியிருந்தாகூடப் பொறுத்திருப்பேன்டி. காயிதத்துல எழுதிட்டியே” என்றாள் அக்கா.

“என் பேரையும்தான்க்கா எழுதியிருக்கேன்.”

“உனக்கு இது இல்லன்னா இன்னொரு கம்பெனி. அவருக்கு?”

என் பெயரை எழுதியதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்திருக்கிறது. அவள் கேட்ட பிறகுதான் அது தெரிந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். “சித்தி, என் பாப்பாவுக்கும் அந்தப் பெட்டியிலதான் பாப்பாங்களா?”

“ஆமா.”

“அப்ப நீ எழுதினது சரிதான். நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிராத.”

ஜூலை 22, திங்கள்

ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த அம்மாள், பேச்சு குறைவு. சுவரைப் பார்க்கவேயில்லை.

ஜூன் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். பிப்ரவரி 30ஐ இரண்டு நாட்டில் பார்த்திருக்கிறாராம். ஜூன் 31 இதுதான் முதல் தடவை என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முதலாளி இருமினார்.

எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்றார். வேலையை விட்டுப் போய்விட்டார் என்றேன். தலையாட்டிவிட்டு, எழுதச் சொன்னவர் மட்டும் இருக்கிறாரே என்பதுபோல் என்னைப் பார்த்தார். எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

ஆகஸ்ட் 6

மொத்தம் 186 குழந்தைகள். 173 பேரைத் திரும்ப வரவழைத்து, புதிதாக வந்த பெட்டிகளில் பார்த்தாயிற்று. 172 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை.

ஒரு குழந்தைக்கு மாறியிருக்கிறது. பிறந்த இருபத்தெட்டாம் நாள் மாத்திரை ஆரம்பித்தார்கள். லேட்டுதான், ஆனால் ரொம்ப லேட் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். பெட்டியின் குற்றமா, லேபில் கை தவறியதா என்று வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் நான் உட்காரவில்லை.

மீதிப் பதின்மூன்று வீடுகளை முகவரி வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 20

முடிவு வந்தது. முப்பது இல்லை, ஒன்பது ஆஸ்பத்திரி. புட்டி அடைக்கும் வேலையை அடுத்த வருஷம் பேசலாம். என்னை நீக்கவில்லை. முதலாளி இதை வெற்றியா தோல்வியா என்று முடிவு பண்ண முடியாமல் எல்லாருக்கும் டீ சொன்னார்.

நிபந்தனை ஒன்று: ஒன்பது ஆஸ்பத்திரியிலும் பெட்டி இருக்கும் ஃபிரிட்ஜை, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்து வர ஓர் ஆள் வேண்டும். ஆளைத் தேடுவது என் பொறுப்பு.

தாளையும் மாற்றினேன். மாதத்துக்கு எத்தனை நாளோ அத்தனை வரிசை. ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம்: ‘பார்க்கவில்லை. காரணம்.’ மார்ச்சிலேயே அடித்திருக்கலாம், அரை மணி வேலை.

ஆகஸ்ட் 29

இதுவரை நான்கு பேரைப் பார்த்தேன். எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள். ஜூன் தாளைக் கொடுத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். மூன்று பேர், எல்லாம் கரெக்டாக இருக்கிறது மேடம் என்றார்கள். ஒருவர் கையெழுத்து அழகு என்றார்.

செப்டம்பர் 13

பெண் குழந்தை. அக்கா கூப்பிடவில்லை, மாப்பிள்ளைதான் சொன்னார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா நாற்காலியை மட்டும் என் பக்கம் தள்ளினாள். அத்தான் ஜன்னலோரம் நின்றார். இரண்டு மாதத்தில் மெலிந்திருக்கிறார்.

நர்ஸ் குதிகாலில் குத்த ஊசியும், ரத்தச் சொட்டை வாங்கும் அட்டையும் கொண்டுவந்தார். அத்தான் திரும்பினார்.

“இதைப் பாக்கற பெட்டிய எங்கம்மா வெச்சிருக்கீங்க?”

“கீழ லேப்ல சார்.”

“அந்த ஃபிரிட்ஜப் பாக்கணும்.”

“ஏங்க, சும்மா இருக்க மாட்டீங்களா” என்றாள் அக்கா. அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார். பின்னாலேயே நர்ஸ், அவர் பின்னால் நான்.

லேபில் இருந்தவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். எங்கள் புதுத் தாள் இந்த ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை. “எல்லாம் கரெக்டா இருக்கு சார், பாருங்க.”

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். ஐந்து, ஐந்து, ஐந்து. இன்றைய வரியில் விரல் நின்றது. மாலைக் கட்டத்திலும் ஐந்து. சுவரில் மணி காலை பத்தே கால்.

“இது உக்காந்து எழுதினதுப்பா” என்றார். குரலில் கோபமே இல்லை. “பாத்து எழுதினா அஞ்சு இப்படி வரிசையா வராது. நாலரை வரும், அஞ்சே கால் வரும். எனக்குத் தெரியும். நானும் எழுதியிருக்கேன்.”

லேப்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அத்தான் ஃபிரிட்ஜைத் திறந்து, குனிந்து, தெர்மாமீட்டரை நிதானமாகப் படித்தார். ஆறு புள்ளி ஒன்பது. எட்டுக்குள்தான். அதையே காலைக் கட்டத்தில் திருத்தி எழுத வைத்தார். மாலை ஐந்தின் மேல் ஒரு கோடு போட வைத்தார், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. “சாயங்காலம் பாத்துட்டு என்ன இருக்கோ அத எழுது. பாக்கலன்னா, பாக்கலன்னே எழுது.”

புதுத் தாளில் ‘பார்க்கவில்லை’ என்ற கட்டத்தை நான் சேர்த்தது அவர் வேலையை விட்டுப் போன பிறகு. அவருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

மேலே வந்து குழந்தையின் காலைத் தானே பிடித்துக்கொண்டு, “இப்பக் குத்தும்மா” என்றார். குழந்தை வீறிட்டது. அக்கா மகளும் அழுதாள். இவ்வளவுக்கும் அவர் என் பக்கம் திரும்பவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்தால் முதலாளியிடமிருந்து செய்தி: ஒன்பது ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்க்க ஆள் கிடைத்தாரா?

கிடைத்துவிட்டார், ஆனால் அவர் என்னோடு பேசுவதில்லை, நீங்கள்தான் கூப்பிட வேண்டும் என்று பதில் போட்டேன்.