பத்து வேலை நாள்

செப்டம்பர் 18, திங்கள்

பிரசெல்ஸ் கடிதத்தை இன்றுதான் நிதானமாகப் படித்தேன். ஐரோப்பிய நாடுகளின் பத்தாண்டு மின்கட்டத் திட்டத்திலிருந்து செக் நாட்டையும் ஜெர்மனியையும் இணைக்க நாங்கள் கேட்கும் புது மின்கோடு – அதை எடுத்துவிடலாமாம். 14-ஆம் தேதி அனுப்பியிருக்கிறார்கள். பத்தாவது வேலை நாள் நண்பகலுக்குள் ஏதாவது ஒரு நாடு காரணத்தோடு மறுப்பு எழுதவேண்டும்; இல்லையென்றால் முடிந்தது. மௌனம் சம்மதம் – எங்கள் பிழைப்பில் அது பழமொழி இல்லை, விதி.

டிசம்பரில் எனக்கு ஓய்வு. இப்போது விழுந்தால், திரும்பத் தூக்கி நிறுத்த பிராகில் ஆளில்லை.

செப்டம்பர் 20, புதன்

மறுப்பு எழுத உட்கார்ந்தால் 1995 வந்து நிற்கிறது. மேற்கு ஐரோப்பாவோடு எங்கள் கம்பிகள் இணைந்த அந்த இலையுதிர் காலம். டிரெஸ்டனிலிருந்து ஜெர்மன் மின்கட்டப் பொறியாளர் டெட்லெஃப் தொலைபேசியில், உடைந்த செக் மொழியில்: "ஏம்மா பிளாங்கா, வந்துட்டீங்களா? இங்க மீட்டர் ஊசி ஆடவே இல்லையே!" அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் அழுதேன். முப்பத்தைந்து வயது, சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போதெல்லாம் இரண்டு பேர், ஒரு வரைபடம், ஒரு பென்சில் போதும். இந்தக் கோட்டையே ஜெச்சீனில் ஓர் உணவகத்தில், வாத்துக் கறிக்கும் பீருக்கும் நடுவே, அவரும் நானும்தான் முதலில் வரைந்தோம்.

அதே மனுஷன் பன்னிரண்டு வருஷமாக அதை எதிர்க்கிறார். வடக்கே அவர்கள் காற்றாலை சுற்றினால், தெற்கே கொண்டுபோக அவர்களிடம் கம்பி போதாது. மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் கம்பியில் பாய்கிறது; அந்தச் சுமையைத் தாங்கத்தான் இந்தக் கோடு. "நாங்க சொந்தமாக் கட்டிட்டா உங்க கோடு எதுக்கு?" என்கிறார். எப்போது கட்டுவீர்கள், ஐயா?

செப்டம்பர் 26, செவ்வாய்

வரைவு தயார். டெட்லெஃபைக் கொஞ்சம் அதிகமாகவே வறுத்துவிட்டேன். இரண்டு நாள் ஆறட்டும். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

செப்டம்பர் 28, வியாழன்

புனித வாத்ஸ்லாவ் விடுமுறை. வீட்டுக்காரர் விலேமுடன் பிர்டி காட்டில் காளான் பொறுக்கினேன். "ஆபீஸ் போனை வீட்டுல வெச்சுட்டு வந்த பொண்டாட்டிய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று கிண்டல் வேறு. கூடை நிறைந்தது.

செப்டம்பர் 29, வெள்ளி

போச்சு.

காலை ஒன்பதுக்கு அனுப்பினேன். ஏற்க முடியாது, கெடு நேற்று நண்பகலோடு முடிந்தது என்று பதில். வாத்ஸ்லாவ் விடுமுறை எங்களுக்குத்தானே! பிரசெல்ஸ் கணக்கில் நேற்று வேலை நாள், பத்தாவது நாள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நாள் எண்ணச் சொல்லிக் கொடுத்தவ நான். எங்கடி போச்சு உன் புத்தி? காளான் பொறுக்கப் போனாளாம், காளான்!

விலேம் அதைத்தான் சமைத்து வைத்திருக்கிறார். தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

அக்டோபர் 2, திங்கள்

கோடு விழவில்லை. வியாழக்கிழமை 11:52-க்கு ஒரு நாடு மறுப்பு எழுதியிருக்கிறது. ஜெர்மனி!

டெட்லெஃபைக் கூப்பிட்டேன்.

"பதினோரு மணி வரைக்கும் உங்ககிட்டேர்ந்து சத்தமே இல்ல. பிளாங்கா வாய மூடிட்டு இருக்கான்னா ஒண்ணு செத்திருக்கணும், இல்ல காட்டுல இருக்கணும். போன் அடிச்சேன், எடுக்கல. அப்புறம் உங்க ஊரு காலண்டரப் பாத்தேன்."

"அந்தக் கோடே வேண்டாம்னு சொல்றவர் நீங்கதானே?"

"இப்பவும் சொல்றேன். உங்களப் பேசித்தான் தோக்கடிக்கணும்மா. லீவு நாள்ல தோக்கடிச்சா அது என்ன ஜெயிப்பு?"

இதற்காக அவருடைய மேலதிகாரி அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

அக்டோபர் 19, வியாழன்

மறுப்பு வந்ததால் பிரசெல்ஸில் ஓட்டெடுப்புக் கூட்டம். டெட்லெஃப் கோடு வேண்டாமென்றுதான் பேசினார், நன்றாகவே பேசினார். கை தூக்கியதும் எதிராகத்தான். இரண்டு ஓட்டில் கோடு தப்பியது.

கூட்டத்தில் கொடுத்த தாள்களில் அவருடைய மறுப்பும் இருந்தது. விமான நிலையத்தில் உட்கார்ந்து படித்தேன். காரணம் இல்லாத மறுப்பு செல்லாது என்பதால் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஜனவரிப் புயலில் கம்பி எத்தனை மீட்டர் தொய்ந்தது, எந்த ஊர் இருளும் நிலையில் இருந்தது, எத்தனை நிமிடம் – எல்லாம் நான் அவரிடம் கத்தியவை, நான் சொல்லும் அதே வரிசையில். ஓர் எண் கூடத் தப்பில்லை. என் வரைவைவிட நன்றாக இருந்தது.

பன்னிரண்டு வருஷம், நான் சொன்னது எதுவும் அந்த மனுஷன் காதில் ஏறவில்லை என்றே நினைத்திருந்தேன்.