ஓரமாக அடுக்கி வைத்த கற்கள்

அன்பு மகன் எல்நாத்தானுக்கு, எருசலேமிலிருந்து அம்மா செலோமித் சொல்லி எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம், இந்த மூன்று வருடத்தில் அதுவே பெரிய சுகம். அந்தியோக்கியாவில் நீயும் நல்லபடியாக இருக்க ஆண்டவர் துணை.

மலையில் இருந்த நம் ஆட்கள் இறங்கி வந்து கிரேக்க ராஜாவின் படையை விரட்டிக் கோயிலை மீட்டது உனக்குத் தெரிந்திருக்கும். குகையில் ஒளிந்திருந்ததில் கூடாரப் பண்டிகை தவறிப்போயிற்றாம், அதனால் இப்போது எட்டு நாள் கொண்டாடச் சொன்னார்கள். கொட்டுகிற குளிர்கால மழையில் குடிசை போட்டு உட்கார்ந்தோம், பருப்புக் கஞ்சியில் பாதி மழைத்தண்ணீர். "ரெண்டு மாசம் தாமதமானா என்ன, ஆண்டவர் ஏத்துக்குவார்டி" என்று உன் அப்பா தும்மிக்கொண்டே சொன்னார். கிரேக்கர் பழக்கமே ஆகாது என்று ரத்தம் சிந்தியவர்கள், இந்த வெற்றியை வருடாவருடம் கொண்டாட வேண்டும் என்று கிரேக்கர் மாதிரியே சபை கூடிக் கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள். உன் அப்பா இரண்டு கையையும் தூக்கினாராம். நீ கிரேக்கர் மைதானத்தில் மல்யுத்தம் செய்தாய், பெயரை லைகோன் என்று மாற்றினாய் என்று வாசற்படி மிதிக்கவிடாமல் துரத்தினாரே, அதே மனுஷர்தான். எழுதுகிறவர் என்னை முறைக்கிறார், முறைக்கட்டும்.

ராஜாவின் ஆட்கள் கோயில் பலிபீடத்தில் பன்றியை அறுத்தார்களே, அந்தக் கற்களை என்ன செய்வதென்று பெரிய சண்டை. எறியலாமென்றால் புனிதக் கல், வைத்துக்கொள்ளலாமென்றால் தீட்டுப்பட்ட கல். கடைசியில், தீர்க்கதரிசி ஒருவர் வந்து சொல்லும்வரை ஓரமாக அடுக்கி வையுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அதைச் சுமந்ததில் உன் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்துவிடும்போது, பையனை எப்போதுதான் கூப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அவனும் அந்தக் கல்லு மாதிரிதான்டி, எறியவும் மனசு வரல, சேத்துக்கவும் முடியல, தீர்க்கதரிசி வந்து சொல்லட்டும்" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தீர்க்கதரிசி இந்தப் பக்கம் தலைகாட்டி எத்தனை தலைமுறை ஆயிற்று! அதுவரை நான் இருப்பேனா? அதனால் நானே சொல்கிறேன், நீ புறப்பட்டு வா. தாமதமானாலும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார், அதைச் சொன்னவர் வீட்டிலேயே இருக்கிறார்.

வழியில் மலையாட்கள் நடமாட்டம் இருக்கிறது, அந்தக் கிரேக்கத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிடாதே. நீயும் உன் பிள்ளைகளும் நூறாண்டு வாழ வேண்டும்.

உன் அம்மா,
செலோமித்

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல ஒரு சொல்லையும் விடாமல் எழுதியது உன் அப்பாதான். சுருளின் வெளிப்பக்கம் லைகோன் என்று போடுங்கள், அங்கே அந்தப் பெயர் சொன்னால்தான் ஆளைக் காட்டுவார்கள் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார், கொஞ்சம் பெரிய எழுத்தாகவே.