இரண்டு கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

விடுதிக்காரர் சம்மதித்துவிட்டார். எல்லா அறைகளுக்கும் திரைச்சீலை நானும் நாத்தனாருமே தைக்கலாம். ஆனால் பணம் செக்காகத்தான் வருமாம், அதுவும் எங்கள் தையல் கடைப் பெயருக்கு. இதுவரை வந்த பணமெல்லாம் என் கணவருடைய சேமிப்புக் கணக்கில் விழுந்து வீட்டுச் செலவோடு கரைந்துவிட்டது. இனி கடைக்கென்று ஒரு கரண்ட் அக்கவுண்ட் வேண்டும்.

"பொழுதுபோகலைனு ஆரம்பிச்சது, பேங்க் வரைக்கும் வந்துடுச்சா?" என்றார் இவர். நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார் பதில் சொல்லிவிட்டாள். "இவ்வளவு நாளா உன் சட்டைப் பையைத்தான் பேங்க்னு நினைச்சிட்டிருந்தோம் அண்ணா. அது ஓட்டைன்னு இப்பதான் தெரிஞ்சுது."

சிரித்து முடிப்பதற்குள் அவளுக்கு இருமல். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு வங்கி பார்த்தோம். பெரிய வங்கியில் பிடித்தம் குறைவு, செக் புத்தகத்துக்குக் காசில்லை. சின்ன வங்கியில் தொட்டதற்கெல்லாம் கட்டணம். எல்லாவற்றையும் கேட்டு விசாரித்தவள் நாத்தனார்தான். கணவனை விட்டு எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து கணக்கு வழக்கெல்லாம் அவள்தான், தையல் நான்.

"சந்தேகமே இல்ல, பெரிய பேங்க்தான் நமக்குத் தோது" என்றாள்.

பெரிய வங்கி மாடியில். ஏறும்போது பாதியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். சின்ன வங்கிக்குத் தெருவிலிருந்து நேரே நுழையலாம்.

"சின்னதுக்கே போவோம். அங்க கூட்டம் இல்ல" என்றேன்.

என்னைப் பார்த்தாள். "கூட்டமா அண்ணி?"

"ஆமா."

"சரி. கூட்டம்தான்."

மார்ச் 12, புதன்

கணக்குத் திறந்தாயிற்று. என்ன உறவு என்று வங்கி மேடம் கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார். "அண்ணியும் நாத்தனாருமா? அப்ப செக்ல ரெண்டு பேரும் கையெழுத்து போடணும்னு வெச்சுக்குறீங்களா, ஒருத்தர் போட்டா போதுமா?"

"ஒருத்தர் போட்டா போதும் மேடம்" என்றாள் இவள்.

"ரெண்டு பேரும்" என்றேன் நான்.

"நான் இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"அப்படி ஒரு நாள் எதுக்கு வரணும்?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டு நான் சொன்னபடியே எழுதினார்.

ஏன் அவ்வளவு பிடிவாதம்? இவள் கையெழுத்து இல்லாமல் நடக்காது என்று ஒரு வங்கி சொல்லிவிட்டால், உடம்பு கேட்டுக்கொள்ளுமா? பைத்தியம்தான் எனக்கு.

ஏப்ரல் 9, புதன்

அவள் நுரையீரலுக்கு இனி மருந்து கேட்காதாம். டாக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தங்கைக்குப் பிடிக்கும் என்று வாங்கிவந்த ஆரஞ்சுப் பழங்களை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மே 6, செவ்வாய்

துணிக்காரருக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். என்னுடையது சரி. அவளுடையதுதான். கை நடுங்கி, கோடு எங்கெங்கோ போயிருக்கிறது. திரைச்சீலைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துணி வராமல் மீதி அறைகளுக்கு எப்படித் தைப்பது?

அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். துணிக்காரர் போனில் கத்தியது பக்கத்து அறை வரை கேட்டிருக்கிறது.

"என் கையெழுத்து என்னுது இல்லைங்கிறாங்களா அண்ணி?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ரெண்டு பேரும் போடணும்னு சொன்னது நான்தானே. அன்னிக்கே அவ சொன்னதைக் கேட்டிருந்தா இந்த அவமானம் அவளுக்கு ஏன்? படுத்துக் கிடக்கிறவளுக்கு இது வேற வேணுமா?

மே 8, வியாழன்

இனி ஒருவர் கையெழுத்தே போதும் என்று மாற்றித் தர வங்கியில் கேட்டேன். அதற்கும் அவள் கையெழுத்து வேண்டுமாம். அதுவும் ஒத்துப்போக வேண்டுமாம். கவுன்ட்டரில் நின்றே அழுதுவிட்டேன். பின்னால் நின்றவர் வரிசையை விட்டு விலகி வேறு பக்கம் போனார்.

"நானே வீட்டுக்கு வர்றேங்க. என் கண் முன்னாடி போடட்டும், மத்ததை நான் பார்த்துக்குறேன்" என்றார் மேடம்.

மே 13, செவ்வாய்

மேடம் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். அதற்கு முன்பே தலை வாரிவிடச் சொன்னாள். நைட்டி மேல் துண்டு போட்டுவிடச் சொன்னாள். ஆக்சிஜன் குழாயைக் கழற்றக் கேட்டாள், அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

பாதிக் கையெழுத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். மீதியைப் போட்டாள்.

மேடம் போன பிறகு, "இனிமே என்னைக் கேக்காம செலவு பண்ணலாம் அண்ணி" என்றாள்.

"கேட்டுட்டுத்தான் பண்ணுவேன். அன்னிக்கே நீ சொன்னபடி—"

"விடுங்க. நீங்க செக்கை எடுத்துட்டு வந்து கட்டில் பக்கத்துல நிப்பீங்க பாருங்க, அப்ப மட்டும் நான் நோயாளியா இருக்க மாட்டேன். கடைக்காரியா இருப்பேன். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

மே 21, புதன்

விடிவதற்கு முன் போய்விட்டாள். நான் கையைப் பிடித்திருந்தேன். இவர் காலைப் பிடித்திருந்தார்.

ஜூன் 2, திங்கள்

தைக்க உட்கார்ந்தேன். முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கணக்கிலிருந்து அவள் பெயரை எடுக்க இறப்புச் சான்றிதழோடு போனோம். இவரும் கூட வந்தார். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. இன்னும் நேரமாகும் என்று நினைத்திருந்தேன். வேறு யாரையாவது சேர்க்க வேண்டுமா என்று மேடம் இவரைப் பார்த்தபடி கேட்டார். "வேண்டாம் மேடம். அது அவங்க ரெண்டு பேர் கடை" என்றார் இவர்.

வெளியே வந்ததும் நான் விடுதிக்குப் போக வேண்டும் என்றேன். சாப்பாட்டு அறைக்கும் திரைச்சீலை கேட்டிருக்கிறார்கள், அளவெடுக்க வேண்டும். "டேப்போட இன்னொரு முனையை யாரு பிடிப்பா?" என்று கேட்டார். ஆபீசுக்குப் போன் செய்து அரைநாள் லீவு சொன்னார்.

ஏணியில் ஏறி, ஜன்னல் ஜன்னலாக அளந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு ஜன்னலில் எண்ணைச் சொல்லாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவரே எண்ணைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.