வெண்குழியங்கள் ஆர்ர பக்கம்?

2013 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. நுணுக்குக்காட்டிக்கு அருகில் கண்ணாடித் தகடுகள் பன்னிரண்டு. உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, மச்சான். போனை எடுத்து உன் நம்பரையும் தேடிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, நீ போய் மூன்று வருடம்.

இந்த வந்தாறுமூலைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கை துடைக்கும் ஸ்பிரிட் நெடிதான் உன் வார்ட்டிலும். போர் முடிந்த வருடம், வயிற்றில் ஷெல் குண்டுத் துண்டோடு வன்னியிலிருந்து வந்து படுத்திருந்தாய். வெளிக்காயத்தைத் தைத்து மூடிவிட்டார்கள். உள்ளே குடற்சவ்வு மட்டும் ஆறவேயில்லை. இரத்தம் போய்க்கொண்டேயிருந்தது.

"வெண்குழியம் வெண்குழியம் எண்டு சொல்றியே, அதுகள் ஆர்ர பக்கம்டா?" என்று கேட்டாய்.

"இரத்தத்தில ஓடுற வெள்ளை அணுக்கள்தானே, கிருமி வந்தா உன்ர பக்கம். இப்ப புண்ண எரிய வைக்கிறதும் அதுகள்தான். முழுசா அடக்கினா ஆறிடும்."

அப்போதுதான் பட்டம் முடித்திருந்தேன். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"ஓம், ஓம். எங்கட கிணத்த இறைச்ச மாதிரி."

நோகும் என்று தெரிந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

சுனாமி வடிந்தபின் வாழைச்சேனையில் உங்கள் கிணறு உப்பாகிக் கிடந்தது. ஊரே செய்ததை நாமும் செய்தோம்: வாட்டர் பம்ப் வைத்து அடிவரை இறைத்தோம். ஊறியது இன்னும் உப்பு. பெரிய பம்ப் வேண்டும் என்றேன் நான். நீ செங்கலடிக்குப் போய்க் கொண்டுவந்தாய். மணலுக்குள் உப்புநீரின் மேலே மிதந்திருந்த கொஞ்ச நல்ல தண்ணீரையும் உறிஞ்சித் தள்ளினோம். கீழிருந்து உப்பு ஏறியது. பம்ப் பழுதாகி நின்றபிறகு, மாரி மழையில்தான் கிணறு தேறியது. "பம்ப் பழுதானதுதான் மச்சான் நாம செஞ்ச ஒரே நல்ல வேலை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

இந்தத் தகடுகளில் இருப்பது எலிக்குடல். பன்னிரண்டு எலிகளுக்கும் குடற்சவ்வில் ஒரே மாதிரிப் புண் உண்டாக்கினோம். ஆறு எலிகளில் பெருவிழுங்கிகள் என்ற வெண்குழியங்களை மருந்தால் அழித்தோம். அந்த ஆறிலும் புண் திறந்தபடியே கிடக்கிறது. மற்ற ஆறிலும் மூடிவிட்டது. பெருவிழுங்கிகள் செத்த உயிர்க்கலங்களைத் தின்று இடத்தைத் துப்புரவாக்கும், அது பழைய கதை. ஆனால் வேலை முடிந்தும் அவை போகவில்லை, மச்சான். புதுக் கலங்களைப் பிறப்பிக்கும் தாய்க்கலங்களைச் சுற்றி நிற்கின்றன. பெருகச் சொல்லிச் சைகை கொடுப்பதும் அவைதான் என்பது என் கணிப்பு.

எரிய வைப்பதும் அவை, ஆற வைப்பதும் அவை. நான் அன்று அவற்றை மொத்தமாக இறைத்துத் தள்ளச் சொன்னேன்.

இது உன்னைக் காப்பாற்றியிருக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். எலிக்குடல் வேறு, உன் குடல் வேறு. டொக்டர்மார் அன்று முடிந்ததைச் செய்தார்கள். ஆனால் உன் நக்கல் சரி. இனி நான் செய்யப்போவது:

1. தகடுகளின் பெயர்ச்சீட்டை மறைத்து, எதுவும் தெரியாத ஒருவரைக் கொண்டு புண்களை அளப்பிப்பது.
2. அவரும் இதையே சொன்னால், முழுச் சோதனையையும் முதலிலிருந்து மறுபடி செய்வது. அவசரப்படாமல். சிரிக்காதே.
3. அதுவும் சரிவந்தால், அந்தச் சைகை என்னவென்று தேடுவது.
4. ஞாயிற்றுக்கிழமை வாழைச்சேனைக்குப் போய், அதுகள் உன் பக்கமும்தான் நின்றன என்று உன் அம்மாவிடம் சொல்வது. உங்கள் கிணற்றில் தண்ணீர் குடிப்பது. வாளியால் அள்ளி.