கேட் இன்னும் சிவப்புதான், மாதி

சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்ச் சேர்ந்த கழுதைக்கு, என் மாதேவிக்கு,

உன்மேல் எனக்குக் கோபம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். டெங்குக் காய்ச்சலை உடம்பில் வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவளை என்னவென்று சொல்வது? "நாளைக்குப் போலாம்க்கா ஆஸ்பத்திரிக்கு" என்று தினமும் சொன்னாய். கடைசியில் போனபோது உன்னால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அப்படி என்னடி அவசரம் உனக்கு?

செத்தவர்களைத் திட்டக் கூடாது என்று ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருப் பெண்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களையும்தான் திட்டப்போகிறேன். வரிசையில் நீ முதல் ஆள், அவ்வளவுதான்.

உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள், தெரியுமா? கோரமங்களாவில் ஏசி ஹால், வாசலில் மெழுகுவர்த்தி. உன் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் எல்லாம் மைக்கைப் பிடித்து உருகினார்கள். மேடையில் 'காட்டிலிருந்து கோடிங் வரை' என்று ஒரு பேனர். எந்தக் காடு? ஆனேக்கல் பக்கத்து உங்கள் இருளர் காலனிக்கும் அத்திபெலே பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓடுகிறது. வாழ்க்கையில் பார்த்த ஒரே புலியைப் பன்னேர்கட்டா ஜூவில் டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

அந்த பேனரை அடித்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? பேனர் சார்தான். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்பதால் விளக்கிவிடுகிறேன். அத்திபெலே பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு பெரிய ஃபேக்டரியின் அட்மின் மேனேஜருக்கு நீ வைத்த பெயர் அது. எதற்கெடுத்தாலும் ஃப்ளெக்ஸ் அடிப்பார். உங்கள் ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டதற்கே ஃப்ளெக்ஸ் அடித்த மனிதர்.

மன்னிப்பு எதற்கு? உங்கள் காலனியிலிருந்து உங்கள் இடுகாட்டுக்குப் போகிற வழியை மறித்துத்தான் அந்த ஃபேக்டரி காம்பவுண்டு எழுப்பியிருந்தது. பல வருஷம் உங்கள் ஆட்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றிச் சேற்றில் நடந்தார்கள். அப்போது யாருக்கும் வலிக்கவில்லை. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள், அந்த மண்ணின் மக்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள், அதைக் காப்பாற்றினீர்களா, அதை அந்த மக்களே சொல்லட்டும் என்று கேட்க ஆரம்பித்ததும் இவர்களுக்குத் திடீரென்று நெஞ்சு வலி வந்துவிட்டது. நல்லிணக்க விழா என்று பந்தல் போட்டு, சால்வை போர்த்தி, வாக்குறுதிகளை வாசித்தார்கள். அதில் முதலாவது, சுவரில் ஒரு கேட் வைத்து உங்கள் வழியைத் திறந்துவிடுவது. யாரும், எந்த நேரத்திலும், யாரையும் கேட்காமல் போகலாம் என்பது.

நல்லவேளையாக, இந்த மாதிரி வாக்குறுதிகளைக் கண்காணிக்கிற உன் ஆப் அதற்கு முன்பே தயாராக இருந்தது. நாம் இருவரும் பழைய ஆபீஸில் இருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பெண்கள் நடத்தும் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்து கொடுத்தோமே, அங்கே விழுந்த விதை அது. அங்கேயும் பெரிய நிறுவனங்கள் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டு வாக்குறுதி கொடுக்கும், அப்புறம் மறந்துபோகும். மறக்க விடாமல் பின்னாலேயே போவதுதான் அந்தப் பெண்களின் சாஃப்ட்வேர். நான் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ கோடிங் செய்துகொண்டிருந்தாய். அவர்களோடு வீடியோ கால் முடிகிற நேரத்தில், வாயே திறக்காத நீ திடீரென்று கேட்டாய்: வாக்குறுதி முடிந்துவிட்டது என்று யார் சொல்ல வேண்டும்? அந்தப் பக்கம் இருந்த அம்மாள் சிரித்துவிட்டு, அந்தக் கேள்விக்காகத்தான் இதை வேறு யாரிடமும் விடாமல் நாங்களே நடத்துகிறோம் என்றாள்.

அடுத்த மாதமே நீ வேலையை விட்டாய். என்னையும் விடவைத்து, சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தாய். வயதில் நான் மூத்தவள், சம்பளம் கொடுப்பவள் நீ. உங்கள் ஜனங்களின் விஷயத்தில் கடைசி வார்த்தை உன்னுடையது, பிழை கண்டுபிடிப்பது மட்டும்தான் என் வேலை என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாய்.

நீ வைத்த விதி எனக்கு மனப்பாடம். வாக்குறுதி பாக்கி இருந்தால் சிவப்பு, நிறைவேறினால் பச்சை. கம்பெனிக்காரன் போட்டோ போடலாம், ரிப்போர்ட் போடலாம், நிறத்தை மாற்ற முடியாது. சிவப்பைப் பச்சையாக்குவது காலனி ஆட்கள் மட்டும்தான். அதுவும் வீட்டில் உட்கார்ந்து இல்லை. அந்த இடத்துக்கே போய், அந்தக் காரியத்தைச் செய்துபார்த்து, அங்கேயே நின்று வாயால் சொல்லி, பிறகு நிறத்தை அமுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரலை வைத்தாய்.

பேனர் சார் கேட் வைத்தார், தார் ரோடு போட்டார், போட்டோ அனுப்பினார், பச்சை கேட்டு நம் உயிரை எடுத்தார். உங்கள் காலனிக் கூட்டத்தில் நீதான் மறுத்துப் பேசினாய். அது பிணம் போகிற பாதை, ஒரு பிணம் தடையில்லாமல் போகட்டும், அப்புறம் பச்சை போடலாம் என்றாய். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் என்னிடம், "டெஸ்ட் கேஸ் வரட்டும்க்கா, என்ன அவசரம்?" என்று கண்ணடித்தாய்.

வந்ததடி டெஸ்ட் கேஸ். என் வாழ்நாளில் எத்தனையோ டெஸ்ட் கேஸ் எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உன்னைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் கேட் முன்னால் நின்றது. செக்யூரிட்டி கேபினிலிருந்து வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சண்டே மேடம், சார் இல்ல. லெட்டர் இல்லாம பிடக்காகல்ல" என்றார், உள்ளே விட முடியாதாம். அவர்மேல் தப்பில்லை, அப்படித்தான் அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். நான் தமிழில் கத்தினேன், கன்னடத்தில் கத்தினேன், இங்கிலீஷில் கெட்ட வார்த்தை பேசினேன். உன் அம்மா கெம்பம்மா மட்டும் வெயில் உன் முகத்தில் விழாதபடி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் பேனர் சார் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர் போகப்போகிறீர்கள் என்பது. ரெஜிஸ்டரில் பெயர் எழுதினார்கள். உன்னைத் தூக்கிய ஆண்கள் கழுத்தில் எல்லாம் விசிட்டர் டேக் மாட்டினார்கள். மாதி, உன் மாமா விசிட்டர் டேக் ஆட ஆட உனக்கு மண் தள்ளினார். எங்கள் கல்லறையில் என் அப்பா அம்மாவுக்குப் பூ வைக்கப் போனால் நீ யார் என்று ஒரு நாய்கூடக் கேட்டதில்லை. உனக்கு மட்டும் ஏன் இப்படி?

இதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பேன். மண் காய்வதற்குள் பேனர் சார் எனக்கு போன் செய்தார். குரலைத் தாழ்த்தி வருத்தமெல்லாம் சொன்னார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். "மேடம், பாடி உள்ள போச்சில்ல? உங்க ரூல் பிரகாரம் டெஸ்ட் ஆயிடுச்சு. கிரீன் போட்டுடலாமே."

நான் திட்டித் தீர்த்தேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது, இதை எங்கள் சர்ச் ஃபாதரும் படிப்பார்.

என்னிடம் பருப்பு வேகாது என்று தெரிந்ததும் அவர் உன் அம்மாவிடம் போனார். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. பணம் பேசவில்லை, அவர் புத்திசாலி. கேட்டுக்கு உன் பெயர் வைக்கிறேன் என்றார். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் 'மாதேவி நினைவு வாயில்', பக்கத்தில் கல்லில் செதுக்கிய உன் முகம். அம்மா ஒரு தடவை பச்சையை அமுக்கினால் போதும். சரக்கு வாங்குகிறவர்கள் வீடியோவில் பார்க்கிற நாளிலேயே திறப்பு விழா. உன் அம்மா அந்தக் கல்லின் படத்தை போனில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தாய்தான் பார்க்க மாட்டாள்?

வேண்டாம் அம்மா என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் உன் விதி எனக்கும் சேர்த்துத்தானே? காலனி ஆட்கள் அமுக்குகிற நிறத்தில் என் வாய் படக் கூடாது என்று நீதான் என்னிடம் சத்தியம் வாங்கினாய். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என்னைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

அந்த நாளும் வந்தது. கேட்டை விரியத் திறந்து சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். தரையை அலம்பிக் கோலம் போட்டிருந்தார்கள். செக்யூரிட்டிக்குப் புதுத் தொப்பி. பெரிய டிவியில் வெளிநாட்டு முகங்கள், பக்கத்தில் பேசுவதை மொழிபெயர்க்க ஒரு பெண். கம்பெனிக் காரில் வந்து இறங்கிய உன் அம்மாவுக்குப் பேனர் சார் சால்வை போர்த்தினார். போனை அவர் கையில் கொடுத்து, "அம்மா, கேட் திறந்திருக்கு பாருங்க. அதச் சொல்லிட்டு அமுக்கிடுங்க" என்றார். நான் மாதாவை வேண்டிக்கொண்டு தூணைப் பிடித்து நின்றேன்.

உன் அம்மா கேட்டைப் பார்க்கவில்லை. செக்யூரிட்டி கேபின் ஓரத்தில், சாமந்திச் சரம் தொங்குகிற இடத்தில் தரையையே பார்த்தார். அப்புறம் போனில் பேசினார். அவர் சொன்னது அப்படியே ஆப்பில் இருக்கிறது.

"நேத்து வந்தேன். எம்மகளுக்குக் களியும் அவரக்கொட்ட சாறும் கொண்டாந்தேன். லெட்டர் எங்கன்னு கேட்டாங்க. உள்ள விடல. இந்தா, இங்கதான் இலைல வச்சிட்டுப் போனேன். காலைல கூட்டிட்டாங்க போல."

மொழிபெயர்க்கிற பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். டிவியிலிருந்து என்ன சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள். பேனர் சார் அவசரமாக முன்னால் வந்து, அது ஏதோ புரியாமல் நடந்துவிட்டது, இப்போது திறந்திருக்கிறது, வாங்க அம்மா, நானே கூட வருகிறேன், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று வழி காட்டினார்.

உன் அம்மா நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "இன்னிக்கு விருந்தாளியா கூப்பிடுறீங்க சாமி. எம்மகளப் பாக்க நான் விருந்தாளியா போவமாட்டேன்" என்றார். சால்வையை மடித்து அவர் கையில் கொடுத்தார். சிவப்பை அமுக்கிவிட்டு ஷேர் ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.

நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று பேனர் சார் என்மேல் பாய்ந்தார். முந்தின நாள் அம்மா அங்கே போனது எனக்கே தெரியாது என்று சொன்னால் அவருக்கு எங்கே புரியும்? உன் ஆப் வேண்டாம், வேறு ஆப் வாங்கிக்கொள்கிறோம் என்று இப்போது மெயில் வந்திருக்கிறது. அதில் அவர்களே பச்சை போட்டுக்கொள்ளலாமாம். வாங்கட்டும். உங்கள் காலனிக்காரர்கள் போட்ட சிவப்பை அழிக்க அந்த மெயிலால் முடியாது. சரக்கு வாங்குகிறவர்கள் இன்னும் நம்மிடம்தான் கேட்கிறார்கள்.

வரும் கல்லறைத் திருநாளில் என் அப்பா அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு நேராக உன் அம்மாவிடம் போகிறேன். களி கிண்டித் தரச் சொல்லியிருக்கிறேன். இருவரும் அந்த கேட்டுக்கு நடந்து போவோம். நிறுத்தினால் அங்கேயே சிவப்பு. அடுத்த மாதம் மறுபடி போவோம், அதற்கடுத்த மாதமும். பிழை சரியாகும்வரை ஓயாமல் தட்டிப் பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தாய்? எவனும் நீ யார் என்று கேட்காமல் உன் அம்மா உன் பக்கத்தில் இலை போட்டு உட்காருகிற அன்றைக்குப் பச்சை வரும், அதுவும் அம்மா விரலால். அதுவரை உன் பெயரை அந்த இரும்பில் யாரும் தொங்கவிட நான் விடமாட்டேன். இது சத்தியம்.

உன்மேல் கோபம் தீரவில்லை. சாறு மட்டும் சூடாகக் கொண்டுவருகிறேன்.

உன்னிடம் சம்பளம் வாங்கிய உன் அக்கா,
ரெஜினா