கொதிகலனில் போட்ட புளி

ஹூஸ்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வெண்பா அப்பாவுக்கு,

வள்ளி எழுதுவது. கோயம்புத்தூர்ப் பட்டறையில் நீங்களும் உங்கள் புது இயந்திரமும் சௌக்கியமாக இருப்பீர்கள். அதன் உடல்நிலையைத்தான் தினமும் போனில் சொல்கிறீர்களே. என்னைப் பேச விட்டால்தானே என் சங்கதியைச் சொல்ல? அதனால்தான் எழுதி, ஊருக்கு வரும் மளிகைக்கடை கந்தசாமி அங்கிளிடம் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி நெருங்குகிறது. ஹில்கிராஃப்ட் தெரு ஓட்டல்களிலிருந்து பொரித்து மிஞ்சிய எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக வருகிறது. ஆனால் அதை நம்மிடம் வாங்கும் பயோடீசல் கம்பெனிக்காரர் தண்ணீர் கலந்த எண்ணெயை இனித் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நம் பழைய கொதிகலனுக்கோ காய்ச்சித்தான் தண்ணீரைப் போக்கத் தெரியும். மழையில் மூடாமல் கிடந்த பீப்பாய் ஒன்று வந்துவிட்டால் எனக்கு உட்காரவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியாது. கொதிகலனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன்.

போன வாரம் அப்படி ஒன்று வந்தது. நுரை விளிம்புவரை ஏறிவிட்டது. முறுக்கு சுடும்போது எண்ணெய் பொங்கினால் என்ன செய்வோம்? கொஞ்சம் புளியைப் போடுவோம். நானும் வேனுக்கு ஓடி, அங்கிள் கடையில் வாங்கிய புளிப் பாக்கெட்டைப் பிரித்து முழுசாக உள்ளே போட்டேன். சிரிக்காதீர்கள். வாணலியில் கேட்கிற புளி கொதிகலனில் கேட்கவில்லை. பொங்கியது என் வலது கையில் வழிந்தது.

போனில் கேமரா ரிப்பேர் என்று நான் சொன்னது பொய். கட்டுப் போட்ட கையை நீங்கள் பார்க்க வேண்டாம் என்றுதான். ஆறிவிடும், விரல் மடங்கக் கொஞ்ச நாளாகும் என்றார் டாக்டர். "ஜஸ்ட் டெல் ஹிம், அம்மா" என்று வெண்பா தினமும் என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். இதை இடது கையால் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து கொதிகலனைப் பற்றவைக்கவில்லை. பயமாக இருக்கிறது. பீப்பாய்கள் வாசல்வரை நிற்கின்றன. இன்னும் கொஞ்ச நாள் போனால் ஓட்டல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

கொதிக்கவே வைக்காமல், சுழற்றியே தண்ணீரைப் பிரித்துவிடுகிறது என்று உங்கள் இயந்திரத்தின் முதல் மாதிரியைப் பற்றி ஆடி மாதமே சொன்னீர்கள். அப்புறம் சல்லடையை மாற்றினீர்கள். பிறகு மோட்டாரை. இப்போது மூடியில் ஏதோ குறையாம். "சாருக்குப் போதும்னு சொல்லவே மனசு வரமாட்டேங்குதுங்க" என்று பட்டறைக்காரர் கோபாலசாமியே என்னிடம் அலுத்துக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வருகிறது. நமக்குத் தண்ணீர் போனால் போதும். மற்றதை இங்கே வந்து திருத்திக்கொள்ளலாம்.

முதல் மாதிரியையே பெட்டி கட்டச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள். இயந்திரம் மெதுவாகக் கப்பலில் வரட்டும், நீங்கள் கிடைக்கிற விமானத்தில் கிளம்பி வாருங்கள். வெண்பா எனக்குத் தலை பின்னிவிட்டால் அரை மணியில் அவிழ்ந்துவிடுகிறது. நீங்கள் பின்னினால்தான் நிற்கும்.

வழி பார்த்திருக்கும்,
வள்ளி